தொண்ணூறா, பதினெட்டா?

முத்து முகம்மது மரைக்காயர் மேல் கோபமாக இருக்கும் வாசகர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் இன்று காலையிலும் ஒரு காரியம் செய்யப்போகிறார். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமலைராயன்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மரைக்காயர் தம் ஒரே மகள் கமர் நிஷாவை ஜெய்னுலாபுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் காரைக்கால் தந்தி ஆபீசில் வேலை. அந்த மரைக்காயர் குடும்பங்களில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஜெய்னுலாபுதீனும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

பெண் பேசும்போது, "மாப்பிள்ளை நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடிப்பார்" என்று சொல்லியிருந்தார்கள். மரைக்காயருடைய தங்கையின் மருமகன் காஜா மைதீனும் தந்திக்காரன்தான். நாகப்பட்டினத்தில் இருக்கிறான். அவன் அடிப்பது இருபத்தைந்து. தொண்ணூறு எங்கே, இருபத்தைந்து எங்கே! "என் மாப்பிள்ளை மூணரை நாகப்பட்டினத்தானுக்குச் சமம்" என்று மரைக்காயர் பள்ளிவாசலில் சொன்னார், சந்தையில் சொன்னார், கல்யாணப் பந்தலிலேயே சொன்னார்.

போன வாரம் நாகூரில் ஒரு விருந்தில் அந்தப் பெருமை உடைந்தது. "மாமா, காரைக்கால்ல பழைய ஆபீசுல எழுத்தை எண்ணுவாங்க. நாங்க வார்த்தையை எண்றோம். அஞ்சு எழுத்து சேர்ந்தா ஒரு வார்த்தை. உங்க தொண்ணூறை அஞ்சால வகுத்துப் பாருங்க, பதினெட்டுதான்" என்று காஜா மைதீன் பந்தியில் எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தான். பந்தியும் சிரித்தது. மரைக்காயர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

தொண்ணூறு என்று சொல்லிப் பதினெட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். அன்றிலிருந்து மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை இல்லை.

இதற்கிடையில் வேறொன்றும் இருக்கிறது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பழைய தந்திக்காரர்களை வேலையில் வைத்துக்கொள்ளுமுன் புது இலாகா ஒரு பரீட்சை வைக்கிறது. நிமிஷத்துக்கு இருபது வார்த்தை அடிக்க வேண்டும். ஜெய்னுலாபுதீன் பழகிய கணக்கில் அது நூறு எழுத்து. அடித்தால் வேலை நிலைக்கும். தவறினால், சைகோனில் இருக்கும் அண்ணனிடம் கப்பலேற வேண்டியதுதான்.

அந்தப் பரீட்சை இன்றைக்கு.

*

காலையில் மரைக்காயரின் மனைவி ஆஸியா பீவி கூடத்துப் பாயின் நடுவில் சஹனை வைத்தாள். சஹன் என்பது பெரிய தாம்பாளம். வீட்டு ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து மாமனாரும் மருமகனும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். தம் பக்கம் இருக்கும் நல்ல கறித்துண்டையெல்லாம் மாப்பிள்ளை பக்கம் தள்ளிவிடுவது மரைக்காயரின் பழக்கம்.

ஜெய்னுலாபுதீன் வந்து உட்கார்ந்தார். வாசலில் மரைக்காயர் இருமித் தொண்டையைச் செருமினார். அந்த இருமல் தெருக்கோடிவரை கேட்கும். வருகிறேன், போகிறேன், கோபமாக இருக்கிறேன் எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே முரசுதான்.

"எனக்குத் தனித் தட்டுல வை" என்றார் மனைவியிடம்.

"இன்னைக்காவது சேர்ந்து உக்காருங்களேன். புள்ளைக்குப் பரீட்சை."

"பதினெட்டுக்கு என்ன பரீட்சை வேண்டிக்கிடக்கு?"

நான் சொன்ன காரியம் இதுதான். இப்போது திட்டிக்கொள்ளுங்கள்.

ஜெய்னுலாபுதீன் இரண்டு இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அறைக்குள் கமர் நிஷா அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க முன்னமே வாப்பாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல, அது எழுத்துக் கணக்குன்னு?"

"எப்படிச் சொல்றது கமரு? மாமா சந்தையில நின்னு மூணரை ஆளுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் பக்கத்துல போயி, இல்லே மாமா, நான் முக்கால் ஆளுதான்னு சொல்லவா?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறை மூலையில் ஒரு பலகை இருந்தது. கழித்துப்போட்ட தந்திக் கருவியின் கைப்பிடி ஒன்றை அதில் திருகி வைத்திருந்தார். கொடி மாறியதிலிருந்து மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் அதில்தான் பழக்கம். கமர் நிஷா டைம்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிஷம் சொல்லுவாள். அவர் தட்டுவது என்ன எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தட்டு அவர் தட்டு என்று தெரியும். நீளமான தட்டைக் கொஞ்சம் இழுத்து, குட்டையானதை உதிர்த்துவிடுவார்.

"போன மாசம் நூத்தி மூணு வந்துச்சே. இந்த வாரம் ஏன் தொண்ணூறைத் தாண்ட மாட்டேங்குது?"

"போன மாசம் மாமா என்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்க" என்றார் ஜெய்னுலாபுதீன். குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி அவள் கேட்டாள். "இது ஆகலேன்னா?"

"சைகோன்."

"நான்?"

"நீ உம்மாவோட இருப்பே. நம்ம பொண்ணுங்க யாரு வீட்டை விட்டு வெளியூரு போயிருக்கா?"

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கமர் நிஷா பலகைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

*

உச்சி வேளையில் மரைக்காயர் கடையில் ஒரு சண்டை.

அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் பழைய வாடிக்கைக்காரி நீலாயதாட்சி. வந்ததும் வராததுமாகத் துணிமூட்டையைப் பிரித்து மரைக்காயர் முன்னால் போட்டாள்.

"உங்களை நம்பித்தானே மரைக்காரே இம்புட்டு தூரம் வாரேன்? போன வருஷம் அம்மன் திருவிழாவுக்கு அஞ்சு வாங்கினேன். ரெண்டு பொண்ணுக்கும் பாவாடை வந்துச்சு. இந்த வருஷமும் அதே அஞ்சு. சின்னவளுக்குச் சுருக்கு வைக்கத் துணி இல்லே. ஒரு முழம் முழுசா முழுங்கிட்டீங்களே!"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மரைக்காயருக்குக் காதுமடல் சுட்டது.

"யாரு, நானு முழுங்கினேனா? நீங்க கல்யாணமாகி வந்த புதுசுலேர்ந்து இந்தக் கடையில துணி எடுக்கறீங்க. ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கா?"

"அதான் எனக்கும் ஆத்தாமையா இருக்கு. பழகின ஆளே இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு."

கோபத்தில் அவர் சுவரில் சாத்தியிருந்த இரண்டு அளவுகோல்களையும் எடுத்து வந்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்தப் பக்கத்து வியாபாரிகள் எல்லார் கடையிலும் இரண்டு கோல் உண்டு. காரைக்காலுக்குள் மீட்டர், வாய்க்காலைத் தாண்டினால் கெஜம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

"பாருங்கம்மா. போன வருஷம் உங்களுக்கு அளந்தது இது, மீட்டர். இப்ப சரக்கு மதராஸ்லேர்ந்து வருது, கெஜத்துல அளக்கறோம். இது நீளம், இது குட்டை. அஞ்சுன்னு சொல்ற எண்ணு ஒண்ணா இருந்தாலும் துணி ஒண்ணா இருக்குமா? கோலுதாம்மா மாறிச்சு, நான் மாறல்லே!"

"அப்ப வாங்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்தக் கோலுன்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா! கேக்காம இருந்துட்டு, நாலு பேருக்கு முன்னால என்னைத் திருடன்னு..."

மரைக்காயர் அதோடு நிறுத்திவிட்டார்.

இரண்டு கோலும் கையில் இருக்க அப்படியே நின்றார். நாகூர்ப் பந்தியும் காஜா மைதீனின் சிரிப்பும் கண்ணில் வந்தன. அதைவிட, காலையில் சஹனுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து இடியாப்பத்தைப் பிய்த்த பிள்ளை வந்தான். எந்தக் கணக்கில் தொண்ணூறு என்று அவனை அவர் ஒருநாளாவது கேட்டாரா? கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு நிமிஷம் பேச்சு வாங்கியதே அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒரு வாரமாக வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறான். அவருக்கு வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக.

"என்ன மரைக்காரே, மேலுக்கு ஏதும் முடியலையா?" நீலாயதாட்சி பயந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லேம்மா. நீங்க கேட்டது நியாயம்தான், நாங்களும் சொல்லியிருக்கணும்" என்றவர், கடைச் சிப்பந்தியிடம் திரும்பினார். "அம்மாவுக்கு அதே துணியில ஒரு முழம் கிழிச்சுக் குடு. சும்மா குடு. கடையைச் சாத்து."

"இப்பவா முதலாளி?"

"இப்பத்தான்."

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவிர அந்தக் கடை பகலில் சாத்தியதில்லை. எதிர்க் கடைக்காரர் யாருக்கு மவுத்தோ, யார் இறந்துபோனார்களோ என்று எழுந்து நின்றுவிட்டார்.

*

மரைக்காயர் ஏறிவந்த கருப்பையனின் குதிரை வண்டி தந்தி ஆபீசுக்குப் போகும் வழியில் வீட்டு வாசலில் நின்றபோது கமர் நிஷா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தானே வந்து ஏறிவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆஸியா பீவி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்றாள்.

வண்டி நகர்ந்ததும் மகள் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். மரைக்காயர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை என்கிட்ட கோவமா இருக்காகளா?"

"அவங்களுக்குக் கோவம் வந்தாத்தான் நல்லதாச்சே. நான்தான் கோவமா இருக்கேன்."

"இரு. உனக்கு உரிமை இருக்கு."

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. துப்பட்டியை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு வாரத்து வீறாப்பில் ஒன்றும் மிச்சமில்லை.

"வாப்பா, ஒண்ணு சொல்லட்டா? அவங்க பழகறப்ப நல்லாத்தான் அடிப்பாங்க. வாசல்ல உங்க இருமல் கேட்டுச்சுன்னா கை நின்னுடும். அப்புறம் திரும்ப ஓடவே ஓடாது."

"என் இருமலா?"

"ஆமா. உங்க இருமலைக் கேட்டா அவங்களுக்குப் பதினெட்டு ஞாபகம் வந்துடுது."

மரைக்காயர் வெளியே பார்த்தார். அரசலாற்றுப் பாலம் வந்தது. "கருப்பையா, கொஞ்சம் விரட்டிப் போப்பா" என்றார். கருப்பையன் விரட்டிய விரட்டில் தெருப் புழுதி அவ்வளவும் வண்டிக்குள் வந்தது. பரீட்சை தொடங்குவதற்குள் போய், "கோலுதான் மாறிச்சு மாப்பிள்ளே, போய் நிம்மதியா அடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு அவசரம்.

ஆபீஸ் வாசலில் இறங்கியபோது உள்ளே கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். வரும் தந்தியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பரீட்சை காலையிலேயே முடிந்து அதில் மாப்பிள்ளை தேறிவிட்டாராம். தந்தி அடித்து அனுப்பும் பரீட்சை இப்போதுதான் ஆரம்பமாகிறதாம். வெளியூரிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அம்பலவாணன் கடிகாரத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாராம். யாரும் போகக்கூடாது.

வேப்பமரத்து நிழலில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கருப்பையன் வண்டியை அதற்கு நேரே நிறுத்தினான். உள்ளேயிருந்து கருவியின் சத்தம் வந்தது.

கட, கட்டுக் கட. கட்டுக் கட, கட.

கமர் நிஷா கண்ணை மூடிக்கொண்டாள். "அவங்கதான்" என்றாள் மெல்ல.

"எப்படிம்மா தெரியும்?"

"தெரியும் வாப்பா. பேசாதீங்க."

மரைக்காயர் ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதுதான் அந்தச் சோதனை வந்தது. வழியெல்லாம் விழுங்கிய புழுதி தொண்டையில் ஒரு பொட்டாக ஊர்ந்தது. இருமல் புறப்பட்டு நெஞ்சுவரை வந்துவிட்டது.

அவர் எச்சிலை விழுங்கினார். போகவில்லை. தோளில் கிடந்த சால்வையின் முனையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். முகம் ரத்தமாகச் சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. உடம்பு குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. ஊரையே எழுப்பும் அந்தத் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் ஒரு தபால்காரர் லொக்கென்று இருமினார்.

உள்ளே சத்தம் நின்றது.

கமர் நிஷா வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்தாள். மரைக்காயர் வாயில் துணியோடு அந்தத் தபால்காரரைப் பார்த்த பார்வையில் மனுஷன் பையோடு நாலடி பின்வாங்கிவிட்டார். இன்னொரு இருமல் வரவில்லை. மாமனார் அங்கே இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுக் கட.

மறுபடி ஓடியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி நிமிஷத்தில் நீளமானதை இழுத்து, குட்டையானதை உதிர்த்துக்கொண்டு ஓடியபோது கமர் நிஷாவின் உதடு தானாக எண்ணிக்கொண்டிருந்தது. வாயில் சால்வையோடு கண்ணீர் வழிய நிற்கும் வாப்பாவை அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

கதவு திறந்தது. ஜெய்னுலாபுதீன் சட்டையெல்லாம் வியர்வையோடு வெளியே வந்தார். மாமனாரைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

மரைக்காயர் சால்வையை எடுத்தார். அடக்கி வைத்த இருமல் அத்தனையும் ஒன்றாகப் புறப்பட்டது. வேப்பமரத்துக் காக்கை எழுந்து பறந்தது. ஜெய்னுலாபுதீன் ஓடிவந்து அவர் முதுகைத் தடவினார்.

"என்ன மாமா, என்ன ஆச்சு? தண்ணி கொண்டாரட்டா?"

"உங்க கை நின்னுடக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு நின்னாங்க" என்றாள் கமர் நிஷா.

இருமலுக்கு நடுவே மரைக்காயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கணக்கு மாறினதைக் கேக்காம ஆளைப் பழிச்சுட்டேன் மாப்பிள்ளே. மன்னிச்சுக்குங்க. என்ன சொன்னாக உள்ளே? எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்."

"இருபதுக்கு மேலேயே வந்துருச்சு மாமா."

"அது எந்தக் கணக்குல?" என்று கேட்டார் மரைக்காயர். இந்தத் தடவை மறக்கவில்லை.

"வார்த்தைக் கணக்குல."

*

அன்று மாலை விளக்கு வைத்ததும் ஆஸியா பீவி சஹனை மறுபடி கூடத்தில் வைத்தாள். நெய்ச்சோறும் கறியும். மரைக்காயர் எதிரே உட்கார்ந்து கறித்துண்டைத் தள்ளத் தொடங்கினார். மாப்பிள்ளை பக்கம் மலையாகக் குவிந்துவிட்டது.

ஜெய்னுலாபுதீன் மட்டும் கையை வைத்தபடியே இருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். பழைய ஆபீசுல வேலைன்னா காரைக்காலோட முடிஞ்சுது. இப்ப நாடு பெரிசு. தேறினவங்களை எங்கே வேணும்னாலும் போடுவாங்களாம். என்னைச் சேலத்துக்குப் போட்டிருக்காங்க. அடுத்த மாசம் போய்ச் சேரணும்."

மரைக்காயரின் கை சோற்றில் நின்றது. கதவருகே கமர் நிஷாவின் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. தேற வேண்டும் என்றுதான் மூன்று பேரும் அன்று முழுவதும் துஆ கேட்டார்கள். தேறினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சேலம் எவ்வளவு தூரம் மாப்பிள்ளே?"

"இருநூத்தி அம்பது கிலோமீட்டர் இருக்கும் மாமா."

மரைக்காயர் சஹனைப் பார்த்தார். பிறகு ஒரு கறித்துண்டை எடுத்து மெல்ல அந்தப் பக்கம் தள்ளினார்.

"கிலோமீட்டர் வேணாம் மாப்பிள்ளே" என்றார். "மைல்ல சொல்லுங்க."

"நூத்தி அம்பத்தஞ்சு மைல்."

"அப்படிச் சொல்லுங்க. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பாருங்க."

ஆஸியா பீவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். கமர் நிஷா செம்பைக் கீழே வைத்துவிட்டு, அறை மூலையில் இருந்த அந்தத் தந்திப் பலகையைத் துணியில் சுற்ற ஆரம்பித்திருந்தாள். புருஷன் மட்டும் போவதற்குக் கட்டுகிறாளா, இரண்டு பேரும் போவதற்கா என்று கேட்க அந்தக் கூடத்தில் யாருக்கும் துணிவு வரவில்லை.